கருணாகரனின் பித்தப்பையைக் களவாண்டது யார்?

அத்தியாயம் 6

ஆடு களவு போனதென்று வருவார்கள். ரப்பர் ஷீட், கிணற்று மோட்டார், கோயில் குத்துவிளக்கு களவு போனதென்று வருவார்கள். ஒருத்தன் மாமியாரைக் காணவில்லை என்று சொல்ல வந்து, கண்டுபிடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனதும் உண்டு. ஆனால் வயிற்றுக்குள் இருந்த சாமானைக் களவு கொடுத்துவிட்டு இதுவரை யாரும் சத்யபாமாவின் ஆபீஸ் படி ஏறியதில்லை.

"எது காணல்லன்னு பறஞ்சே?" என்றாள் சத்யபாமா.

"பித்தப்பை," என்றாள் ஆர்யா. "எனக்க அப்பாவுக்க பித்தப்பை."

"கடைசியாட்டு எப்ப பாத்திய?" என்று கேட்டான் அஜின்.

சத்யபாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அஜினுக்கு நன்றாகத் தெரியும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அவள் பழக்கி வைத்த பார்வை அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாறசாலை ரெயில்வே கேட் பக்கம் பங்சர் கடைக்கு மேலே மாடியைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். முக்கால்வாசி வேலை, மாப்பிள்ளைக்குக் குடி உண்டா என்று விசாரித்துச் சொல்வது. அஜின் அவளுடைய உதவியாளன். சொந்தமாக ஒரு ஓட்டோ வைத்திருந்தான். அதன் மீட்டர் ஓடாது. அவன் வாய் ஓடும்.

ஆர்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். குளத்தூரில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் கருணாகரனின் ஒரே மகள் அவள். கருணாகரனுக்குச் சில மாதமாகச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே நோவு. பாறசாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் போன வாரம் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது இதுதான்: பித்தப்பை தெரியவில்லை, முன்பே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களா என்று விசாரிக்கவும்.

"அப்பாவுக்கு வாழ்க்கையிலெ ஒரே ஒரு ஆப்பரேஷன்தான் நடந்திருக்கு. குடலிறக்கத்துக்கு. அதைச் செய்தது கோட்டுகால் சதானந்தன் டாக்டர்."

"அப்போ அவரு ஒண்ணெத் தைக்கப் போனப்போ வேற ஒண்ணெ எடுத்திட்டாருன்னு உனக்க அப்பன் நெனைக்கியாரு," என்றாள் சத்யபாமா.

"நெனைக்கல்லக்கா. ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. எடுத்து சிங்கப்பூருக்கு வித்திட்டாராம்."

"செரி, அதிலெ நீ கரைஞ்சு மூக்கெச் சிந்தியது எதுக்கு?"

"சதானந்தன் டாக்டருக்க மகன் அமலெத்தான் நான் கெட்டப் போறேன். இண்ணைக்கு வைகிட்டு, வெயிலு தாந்ததும், அவியெல்லாம் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வாறாவ. அப்பா வாசல்லெ நிண்ணு, 'எனக்க பித்தப்பையெ இஞ்ச வச்சிட்டு உள்ளெ ஏறு'ன்னு சொல்லப் போறாராம்."

அஜினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆர்யாவின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"அமலு எந்து சொல்லியான்?" என்று கேட்டாள் சத்யபாமா.

"அவன் விளையாட்டுக்கு, 'வேணும்னா நாங்க ஒண்ணு வாங்கிக் குடுக்கட்டா'ன்னு போனிலெ கேட்டான். அது அப்பாவுக்குக் காதிலெ விழுந்திட்டு. 'பாத்தியா, ஸ்டாக் உண்டு'ன்னு குதிச்சாரு."

*

கருணாகரன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கை வலது விலாவுக்குக் கீழே காவல் இருந்தது. இனி ஈரலையும் யாராவது கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுவது போல. பக்கத்தில் அவர் மனைவி சரோஜம் புட்டும் கடலையும் வைத்த தட்டோடு நின்றாள்.

"நேற்று ராத்திரிக்குப் பெறவு ஒண்ணும் தின்னல்ல," என்றாள் சரோஜம். "களவு பிடிபடாம தொண்டையிலெ எறங்காதாம்."

"பித்தப்பை இல்லாதவன் தின்னு என்ன பிரயோஜனம்?" என்றார் கருணாகரன்.

சத்யபாமா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, அந்த ஆப்பரேஷன் தையலெ ஒண்ணு காட்டணுமே."

கருணாகரன் சரோஜத்தைப் பார்த்தார். சரோஜம் கூரையைப் பார்த்தாள். அவர் வேட்டியை ஓரமாக இறக்கி, இடுப்புக்குக் கீழே தொடைப் பக்கம் இருந்த தழும்பைக் காட்டினார்.

"பித்தப்பை இருக்கியது ஈரலுக்க அடியிலெ, மேல் மாடியிலெ. டாக்டரு கதவெ உடைச்சது கீழே, மாட்டுத் தொழுத்திலெ. இந்த ஓட்டை வழியா அம்மாட்டுத் தூரம் போயிருக்க முடியுமா?" என்றாள் சத்யபாமா.

"டாக்டர்மாருக்குக் கை நீளம்," என்றார் கருணாகரன். "பின்னே இப்பம் குழாய் விட்டு எடுப்பான். டிவியிலெ காட்டினானே."

"ஸ்கேன் செய்யப் போன அண்ணைக்குக் காலையிலெ வல்லதும் தின்னிரா?"

கருணாகரன் நிமிர்ந்தார். இந்தக் கேள்வி அவரைப் புண்படுத்திவிட்டது என்று அஜினுக்குத் தெரிந்தது. "எனக்க பகவதி சாட்சியாட்டு சொல்லியேன். அண்ணைக்கு ஏகாதசி. ஏகாதசிக்கு ஒரு பருக்கைச் சோறு எனக்க தொண்டைக்குள்ளெ எறங்கினது கெடையாது. நான் விரதக்காரனாக்கும்."

"உள்ளதுதான்," என்றாள் சரோஜம். "இஞ்சயிருந்து வெறும் வயிற்றோடெத்தான் எறங்கிப் போனாரு. ஒரு சாயா கூட நான் குடுக்கல்ல."

சத்யபாமா அவர் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தாள். வெளியே ஓட்டோவில் ஏறியதும் அஜின் கேட்டான்: "அக்கா, பொய் சொல்லியாரா?"

"இல்லெலே. அதுதான் பிரச்சினை. டிக்கெட் எடுத்தவனுக்க கண்ணாக்கும் அது."

*

ஸ்கேன் சென்டரில் டாக்டர் கார்த்தியாயினி இருட்டறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஜெல் ஒட்டியிருந்தது, முகத்தில் எரிச்சல் ஒட்டியிருந்தது.

"அந்த ஆளு எனக்கு தினமும் போன் செய்யிது. 'எனக்க பையெ யாரு எடுத்தது, நீ கண்டதெ கோர்ட்டிலெ சொல்லணும்'ன்னு. நான் என்னத்தெக் கண்டேன்? காணல்லன்னுதானே எழுதினது?"

"காணாம இருக்கியதுக்கு என்னெல்லாம் காரணம் உண்டு டாக்டரே?"

கார்த்தியாயினி ஒரு காகிதத்தை எடுத்து ஈரலை வரைந்தாள். அஜினுக்கு அது கவிழ்த்து வைத்த தொப்பி போல் இருந்தது. அதற்கு அடியில் சின்னக் கத்திரிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"இதாணு பித்தப்பை. ஈரல் உண்டாக்குன பித்தநீரெ இதிலெ சேத்து வைக்கும். வயறு வெறுமையாட்டு இருந்தா இது நிறைஞ்சு வீங்கி இருக்கும். ஸ்கேனிலெ கறுப்பாட்டு, நல்ல வடிவாட்டுத் தெரியும். எண்ணெய்ச் சாதனம் உள்ளே போச்சுன்னா, உள்ளதெ எல்லாம் குழாய் வழியா குடலுக்குப் பீச்சிட்டுச் சுருண்டு போகும். பின்னே குடலிலெ உள்ள காற்று மறைக்கும். தேடினாலும் கிட்டாது. அதுக்குத்தான் பட்டினியா வரச் சொல்லுதது."

"அவரு பட்டினியாட்டுதானே வந்தாரு?"

"வல்லதும் கழிச்சோன்னு மலையாளத்திலெ கேட்டேன். சாப்பிட்டீங்களான்னு தமிழிலெ கேட்டேன். ரெண்டு பாஷையிலெயும் இல்லேன்னுதான் சொன்னாரு. அப்போ நான் வேற என்ன எழுத?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாயாக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏத்தங்கா அப்பம் பொன்னிறமாக அடுக்கி வைத்திருந்தது. நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தது. அஜினின் கால்கள் அவனைக் கேட்காமலே அங்கே நடந்தன.

கடைக்காரன் பொன்னையன் சாயாவை ஒரு முழம் உயரத்தில் ஆற்றிக் கொண்டிருந்தான். சத்யபாமா கருணாகரனின் போட்டோவைக் காட்டினாள். பொன்னையன் உதட்டைப் பிதுக்கினான்.

"எதிரெ ஸ்கேனுக்கு வாறவன் எல்லாம் இஞ்சதான் காத்துக் கிடப்பான். எவனுக்க மொகம் எனக்கு ஓர்மை இருக்கு? நான் காசு நீட்டிய கையெ மட்டும்தான் பாப்பேன்."

"செரி. ஒரு சாயா, இவனுக்கு ஒரு பீஃப் ரோஸ்ட்."

"வேண்டாம்க்கா, நான் நோன்பிலெயாக்கும்," என்றான் அஜின். ஈஸ்டருக்கு முந்தின ஐம்பது நாள் நோன்பு அது. சொல்லும்போதே இரண்டாவது அப்பத்தைக் கடித்துக் கொண்டிருந்தான். மூன்றாவது இடது கையில் தயாராக இருந்தது.

சத்யபாமா அவனையே பார்த்தாள். "எலே, நீ எதிலெ இருக்கியே?"

"நோன்பிலெ."

"வாயிலெ என்ன?"

"அப்பம். இறைச்சி தின்னாத்தானே நோன்பு முறியும். அப்பத்துக்கு என்ன? எங்க சர்ச்சு அச்சனே தின்பாரு."

சத்யபாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவில் யாரோ ஒருத்தன் பழைய டிக்கெட்டை நீட்டினது போல அவள் முகம் மாறியது.

"பொன்னையா, ஏகாதசி அண்ணைக்கு இஞ்ச எது கூடுதல் போகும்?"

"அப்பம்தான். அரி கூடாதுல்லா. தோசை, இட்டிலி ஒண்ணும் ஓடாது. விரதக்காரன்மாரு வந்து வரிசையாட்டு நிப்பாங்க. அதுக்காக அண்ணைக்கு நான் மாவிலெ அரிப்பொடி சேக்க மாட்டேன். சுத்த மைதா. கேக்கியவன் கிட்டெ சத்தியம் பண்ணிக் குடுப்பேன்."

"அப்போ தெளிவாச்சே அக்கா!" என்று துள்ளினான் அஜின். "அவரு இஞ்ச வந்து தின்னிருக்காரு!"

"தின்னிருக்கலாம். கண்ட சாட்சி இல்ல. நேராட்டுக் கேட்டா விரதக்காரன் நான்னு மறுபடியும் பகவதியெக் கூப்பிடுவாரு. அவருக்க கணக்கிலெ அவரு ஒண்ணும் தின்னல்ல, மக்கா. வாயாலெ சொல்ல வைக்கணும்."

"எப்படி?"

"அவருக்குப் பித்தப்பையெ விடப் பெரிசு ஒண்ணு உண்டு," என்றாள் சத்யபாமா.

*

சாயங்காலம் குளத்தூர் வீட்டு முற்றத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முதலில் சதானந்தன் டாக்டர் இறங்கினார். கையில் பழத்தட்டு. பின்னால் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவர் மகன் அமல். ஆகாசத்தில் எவ்வளவு பெரிய பெட்டியையும் தூக்கி வைக்கிறவன், இப்போது பூமியில் கண்ணைத் தூக்க முடியாமல் நின்றான். கதவுக்குப் பின்னால் ஆர்யாவின் வளையல் மட்டும் தெரிந்தது.

கருணாகரன் வாசல்படியில் ஏறி நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை நீட்டினார்.

"டாக்டரே! உள்ளே ஏறியதுக்கு முன்னே எனக்க..."

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்று குறுக்கே புகுந்தாள் சத்யபாமா. "அதை விடப் பெரிய களவு ஒண்ணு நடந்து போச்சு."

"என்ன களவு?"

"உமக்க ஏகாதசி. ஸ்கேன் சென்டருக்கு எதிரெ பொன்னையனுக்க கடை உண்டுல்லா? அந்தப் படுபாவி அப்பத்துக்கு மாவு கரைக்கியப்போ, மொறுமொறுன்னு இருக்கியதுக்கு அரிப்பொடி சேக்கியானாம். ஏகாதசி அண்ணைக்கும்!"

கருணாகரனின் முகம் வெளுத்துப் போனதை அஜின் கண்ணால் கண்டான்.

"பொய்!" என்று அலறினார் கருணாகரன். "பச்சைப் பொய்! நான் கேட்டிட்டாக்கும் தின்னேன்! 'அரிப்பொடி உண்டாலே'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவன் பெற்ற தள்ளை மேலெ சத்தியம் பண்ணினான். அதுக்குப் பெறவாக்கும் நான் நாலு அப்பம்..."

அவர் நிறுத்தினார். தென்னை மரத்தில் ஒரு காக்கை கத்தியது. அதுவும் நிறுத்தியது.

"நாலா?" என்றாள் சரோஜம்.

"...ஆறு."

"கூட?"

"ரெண்டு பால் சாயா. அது ஆகாரமா சரோஜம்? ஏகாதசிப் பலகாரமாக்கும்! கோயில் போற்றிமாரே தின்பாங்க!"

"போற்றிமாரு தின்னலாம்," என்றாள் சத்யபாமா. "பித்தப்பைக்கு ஏகாதசி தெரியாது. எண்ணெயெக் கண்டுது, உள்ளதெ எல்லாம் பீச்சிட்டுச் சுருண்டு கிடந்து உறங்கிட்டு. அதெக் காணல்லன்னு எழுதினாவ. ஒருத்தரும் எடுக்கல்ல. உமக்க வயற்றுக்குள்ளெதான் கிடக்கு. கேஸ் தீந்து."

சரோஜம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அமலின் தோள் குலுங்கியது. ஆனால் கருணாகரன் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளில்லை.

"வாயாலெ சொன்னா? எனக்க சாமானெ நான் கண்ணாலெ காணணும்."

"காணலாம்," என்றாள் சத்யபாமா. "நேற்று ராத்திரியிலெ இருந்து நீரு ஒண்ணும் தின்னல்ல. ஒளிச்சு வச்சு அப்பமும் தின்னல்லியே?"

"கோபத்திலெ இருந்தேன். எப்படித் தின்ன?"

"அப்போ இப்பமே ஸ்கேனுக்கு எறங்கும்."

*

அப்படி ஒரு நாள் குறிப்பு அந்த நாட்டில் நடந்ததில்லை. முன்னால் டாக்டரின் கார். பின்னால் அஜினின் ஓட்டோவில் கருணாகரன், சரோஜம், சத்யபாமா. அஜினுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஆர்யா, அவள் மடியில் டாக்டர் கொண்டு வந்த பழத்தட்டு. ஸ்கேன் சென்டரில் காத்திருந்தவர்கள், யாருக்கோ பிரசவம் என்று நினைத்து வழி விட்டார்கள்.

கார்த்தியாயினி ஜெல்லைப் பிழிந்தாள். கருணாகரன் "அய்யோ, குளிரு" என்றார். திரையில் சாம்பல் நிறத்தில் ஈரல் வந்தது. மழைக்கு முந்தின மேகம் மாதிரி. அதற்கு அடியில் கறுப்பாக, கொழுத்து, பளபளவென்று ஒரு கத்திரிக்காய்.

"இதா இருக்கு உங்க பித்தப்பை."

"எனக்க தங்கமே!" என்றார் கருணாகரன். அவர் கண் நிறைந்துவிட்டது. "டாக்டரே, நீரு..." என்று சதானந்தன் பக்கம் கையை நீட்டினார்.

"அனங்காதிங்க, அசையாம கிடங்க," என்றாள் கார்த்தியாயினி. அவள் குரல் மாறியிருந்தது. "இடப்பக்கம் சரிஞ்சு படுங்க."

கருணாகரன் சரிந்தார். கத்திரிக்காய்க்குள் வெள்ளையாக ஒரு உருண்டை, அவர் சரிந்த பக்கத்துக்கு மெல்ல உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் நீளமாக ஒரு நிழல் விழுந்தது. சதானந்தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"கல்லு," என்றார்.

"கல்லுதான். குழாயெப் பாக்கட்டும்." கார்த்தியாயினி கருவியை அழுத்தி நகர்த்தினாள். "இல்ல. பித்தக்குழாய் வீங்கல்ல, அதிலெ ஒண்ணும் எறங்கல்ல. பாக்கியம். எறங்கியிருந்தா மஞ்சக்காமாலை வந்திருக்கும்."

"அப்போ அந்த நோவு?" என்றாள் ஆர்யா.

"இதுதான்," என்றார் சதானந்தன். "தின்னப்போ எல்லாம் பை சுருங்கும், கல்லு வாயெ அடைக்கும். வச்சுக்கொண்டு இருக்கியது ஆபத்து. பையெ எடுக்கணும்."

கருணாகரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றில் ஜெல் வடிந்தது. "எடுக்கணுமா? நான் இப்பந்தானே அதெக் கண்டுபிடிச்சேன் ஓய்!"

அஜின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் சதானந்தன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"நான் எடுக்க மாட்டேன். திருவனந்தபுரத்திலெ நல்ல ஆளு உண்டு, எழுதித் தாறேன். ஒரு வாரமாட்டு இந்த ஊரிலெ எனக்கு என்ன பேருன்னு தெரியுமா? என்கிட்டெ வாற நோயாளி, உள்ளெ போறதுக்கு முன்னே வயற்றெத் தடவிப் பாத்திட்டுப் போறான். நான் கள்ளன் இல்லேன்னு காட்ட இந்த மெஷின் வேண்டி வந்து. அமலே, வண்டியெ எடு. நாள் குறிக்கியதெப் பின்னே ஒரு நாள் பேசலாம்."

அமல் நகரவில்லை. ஆர்யாவைப் பார்த்தான். ஆர்யா அப்பாவைப் பார்த்தாள். கேஸ் தீர்ந்தது என்று அக்கா அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள் என்று அஜினுக்குத் தோன்றியது. துப்பறிந்து எடுக்க முடியாத சாமான் ஒன்று உண்டென்றால், அது கருணாகரன் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு.

"அப்பா," என்றாள் ஆர்யா. அவ்வளவுதான்.

கருணாகரன் சட்டைப் பொத்தானைப் போட்டார். தப்பான ஓட்டையில் போட்டார். கழற்றி மறுபடியும் போட்டார். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, சதானந்தனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றார்.

"திருவனந்தபுரத்துக்காரன் யாரு? அவனுக்க தகப்பன் யாரு? தெரியாதவன் கையிலெ எனக்க வயற்றெ நான் குடுக்க மாட்டேன்."

"பின்னே?"

"எடுக்கியதானா நீருதான் எடுக்கணும். நாளைக்கு நான் எண்ணெய் வாங்க வாறவன் ஒவ்வொருத்தனிட்டயும் சொல்லுவேன், எனக்க சம்பந்திதான் எனக்க வயற்றெக் கீறப் போறாருன்னு. கள்ளன் கையிலெ ஒருத்தன் சாவியெக் குடுப்பானா? ஊரு அதெ நெனச்சுப் பாக்கட்டும்."

சதானந்தன் அவரை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவது போல இருந்தது. ஸ்கேன் செய்தால்கூடக் கிட்டாத இடத்தில் அது இருந்தது. இருந்தாலும் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மூக்கில் கண்ணாடியை மறுபடியும் மாட்டினார்.

"கல்யாணத்துக்கு முன்னெ எடுத்திடலாம்," என்றார். "சத்யை விருந்திலெ பாயசம் குடிக்கணும்லா?"

ஆர்யா பழத்தட்டைக் கொண்டு போய், இனி முறைப்படி அப்பாவிடம் நீட்டட்டும் என்று அவர் கையில் கொடுத்தாள். அமல் முதல் தடவையாக வாயைத் திறந்து சிரித்தான்.

"பொண்ணையும் உமக்க வீட்டுக்குத் தாறேன். பித்தப்பையையும் உமக்கே தாறேன்," என்றார் கருணாகரன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, பழைய கருணாகரனாக ஆகிக்கொண்டார். "ஆனா ஒரு காரியம் இப்பமே பறஞ்சு போடியேன், டாக்டரே. பொண்ணுக்கு ரசீது வேண்டாம். பித்தப்பைக்கு வேணும்."